தங்கவேலுவிடம் சொல்லப் போனேன்

சனிக்கிழமை காலை ஐந்து ஐம்பத்தைந்துக்குக் கொழும்புக் கோட்டையிலிருந்து ரயில் புறப்பட்டது. 2003ஆம் ஆண்டு, பெப்ரவரி மாதம். பதுளைக்கு இரண்டாம் வகுப்புச் சீட்டு எடுத்திருந்தேன். ஏறத்தாழ இருநூற்றுத் தொண்ணூறு கிலோமீட்டர், பத்து மணித்தியாலப் பயணம். சண்டை நின்று ஒரு வருடம் ஆகியிருந்தது. முன்பு பையைத் திறந்து காட்டவேண்டியிருந்த நிலைய வாசலில் இப்போது ஒரு பெண் பத்திரிகை விற்றுக்கொண்டிருந்தார். அப்படியும் அந்த இடம் வந்ததும் என் கால் நின்றுவிட்டது. பின்னால் வந்தவர் இடித்த பிறகுதான் நடந்தேன்.

பதுளைக்குப் போகிறவர்கள் உறவினரைப் பார்க்கப் போவார்கள், அல்லது துன்ஹிந்த நீர்வீழ்ச்சியைப் பார்க்கப் போவார்கள். நான் ஒருவரிடம் ஒரு விஷயம் சொல்லப் போனேன். அந்த விஷயத்தை முதலில் வாசகருக்குச் சொல்லிவிடுவதுதான் ஒழுங்கு.

நான் தென்மராட்சியில் பிறந்தவன். கொழும்பில் ஒரு கப்பல் முகவர் நிறுவனத்தில் எழுதுவினைஞராக இருக்கிறேன். 1997இல் கொட்டாஞ்சேனையில் ஒரு லொட்ஜில் தங்கியிருந்தேன். நகரத்தில் குண்டு வெடித்த மறுவாரம், விடியற்காலையில் எங்கள் தெருவைச் சுற்றி வளைத்தார்கள். என்னை நான்கு நாள் அடைத்து வைத்திருந்தார்கள். அங்கே என்ன செய்தார்கள் என்று எழுதப்போவதில்லை. ஐந்தாம் நாள் ஓர் உரப்பையில் கண்ணுக்கு இரண்டு ஓட்டை வெட்டி என் தலையில் மாட்டி, ஒரு வானின் பின்னிருக்கையில் இருத்தி, மைதானம் ஒன்றுக்குக் கொண்டுபோனார்கள். பிடித்துவரப்பட்ட ஆண்கள் ஒவ்வொருவராக வானின் கதவடியில் வந்து நிற்பார்கள். இயக்கத்து ஆள் என்றால் நான் தலையை ஆட்ட வேண்டும். இப்படி முகமூடிக்குள் இருந்து ஆள் காட்டுகிறவனைத் 'தலையாட்டி' என்போம். என் பக்கத்தில் இருந்தவர் சொன்னார்: "மத்தியானத்துக்குள் ஒருத்தனையும் காட்டாவிட்டால் நீயும் அவர்களோடு போவாய்."

எனக்கு ஒருவரையும் தெரியாது. முகங்கள் வந்தன, போயின. உரப்பைக்குள் மூச்சு வாங்குவதே பெரிய வேலையாக இருந்தது. அப்போதுதான் தங்கவேலு வந்து நின்றார். லொட்ஜுக்கு எதிரே இருந்த சைவக் கடையில் பரிமாறுகிறவர், இருபத்துநான்கு வயது இருக்கும். என் தலை அசைந்தது. பயத்தில் அசைந்ததா, தெரிந்த முகத்தைக் கண்டால் தெருவில் தலையசைப்போமே, அப்படி அசைந்ததா என்பது எனக்கு இன்றைக்கும் தெரியாது. அவரைப் பிரித்தெடுத்து லொறியில் ஏற்றினார்கள். மறுவாரம் என்னை விட்டுவிட்டார்கள்.

அதற்குப் பிறகு நான் அந்தக் கடைப் பக்கமே போகவில்லை. சமாதானம் வந்த பிறகு, போன கார்த்திகையில்தான் துணிந்து போனேன். முதலாளி என்னை மறந்திருக்கவில்லை.

"தங்கவேலோ? மூண்டு வருஷம் வச்சிருந்திட்டு ஒரு வழக்கும் இல்லையெண்டு விட்டிட்டாங்கள். பசறைப் பக்கம் தான் பிறந்த தேயிலைத் தோட்டத்துக்குப் போயிட்டான். ஏன், உங்களுக்கு அவனோட பழக்கமோ?"

"தெரியும்" என்றேன். அதைவிடப் பெரிய பொய்யை நான் சொன்னதில்லை என்று அப்போது தோன்றியது. பிறகு, அது பொய்யும் இல்லையே என்று தோன்றியது.

நானுஓயாவில் ரயில் நின்றபோது குளிரத் தொடங்கியது. எனக்கு எதிரே ஓர் இளைஞன் வந்து உட்கார்ந்தான். தலைமயிர் வெட்டிலும் பையிலும் ஆமிக்காரன் என்று தெரிந்தது. கடலைப் பொதியை என் பக்கம் நீட்டி, எங்கே போகிறீர்கள் என்று சிங்களத்தில் கேட்டான். என் சிங்களம் காரியாலயச் சிங்களம். இரண்டு வசனத்தில் ஆள் யாரென்று கண்டுகொண்டான்.

"யாழ்ப்பாணமா? நானும் ஒரு வருடம் அங்கே இருந்தேன்" என்றான். பிறகு தானாகவே சொன்னான். லீவில் வீட்டுக்குப் போயிருந்தானாம். அறைக்குள் படுக்க முடியவில்லையாம். பாயை எடுத்து முற்றத்தில் போட்டுப் படுத்தானாம். தாய் அழுதாராம். லீவு முடிய இன்னும் மூன்று நாள் இருக்கிறது, ஆனாலும் தியத்தலாவை முகாமுக்குத் திரும்பிப் போகிறான். "அங்கேதான் நித்திரை வருகிறது, அண்ணா."

அவன்மேல் எனக்குக் கோபம் வர வேண்டுமா, இரக்கம் வர வேண்டுமா என்று தெரியவில்லை. அவன் தந்த கடலையைச் சாப்பிட்டேன். தியத்தலாவையில் இறங்கும்போது என் பையை மேல்தட்டிலிருந்து எடுத்துக் கீழே வைத்துவிட்டுப் போனான். நான் கேட்கவில்லை. எனக்கு இறங்க இன்னும் ஒன்றரை மணித்தியாலம் இருந்தது.

பிற்பகல் நான்கு பத்துக்குப் பதுளை. பஸ் நிலையத்துக்குப் பக்கத்தில் ஒரு தங்குமிடத்தில் முந்நூற்றைம்பது ரூபாய்க்கு அறை கிடைத்தது. நகரத்தைச் சுற்றி எல்லாப் பக்கமும் மலை. முகம் கழுவும் தொட்டிக்கு மேலே இருந்த கண்ணாடியைப் பார்த்து, நாளைக்குச் சொல்ல வேண்டியதைச் சொல்லிப் பார்த்தேன். 'தங்கவேலு, உங்களைக் காட்டிக்கொடுத்தது நான்.' ஒரு தடவை அது உண்மைபோலக் கேட்டது. மறுதடவை நாடக வசனம்போலக் கேட்டது.

ஞாயிறு காலை ஏழரைக்குப் பசறை பஸ். பதினெட்டுக் கிலோமீட்டர்தான், ஆனால் வளைவுக்குமேல் வளைவு. முக்கால் மணித்தியாலத்துக்கு மேல் எடுத்தது. பசறையில் சந்தைச் சனம். மரக்கறி மூட்டைகளுக்கு இடையில் புகுந்து போய் ஓர் ஆட்டோக்காரரிடம் தோட்டத்தின் பெயரைச் சொன்னேன். (அந்தப் பெயரை நான் இங்கே எழுதவில்லை. ஆட்களின் பெயர்களையும் மாற்றியிருக்கிறேன்.)

"யார் வீட்டுக்குங்க?"

"தங்கவேலு எண்டு ஒராள். முந்திக் கொழும்பில கடையில வேலை செய்தவர்."

"ஜெயில் தங்கவேலா?" என்றார் சாதாரணமாக. "நூத்தம்பது தாங்க. ஆனா லயத்துக்குக் கிட்ட கொண்டுபோக மாட்டேன். கோயிலடியில எறங்கி நடந்துருங்க. ஆட்டோ சத்தம் கேட்டா அந்தாளு மலைக்கு ஏறிருவாரு. அப்பறம் பொழுதுக்கும் காத்துக் கெடக்கணும்."

கோயிலடியில் இறங்கி, தேயிலைக்கு நடுவே படி ஏறினேன். பத்து வீடுகள் ஒரே கூரைக்குக் கீழே இருந்த அந்த லயத்தில், கடைசி வீட்டு வாசலில் ஒரு பெண் துணி பிழிந்துகொண்டிருந்தார். தங்கவேலுவின் தங்கை பார்வதி. முப்பதுக்குக் கிட்டிய வயது. கொழுந்து பறிக்கிறவர். அன்று ஞாயிறு என்பதால் வேலை இல்லை.

"அண்ணன் மேல போயிருச்சுங்க" என்றார். "வண்டி கோயிலடியில நின்னாலும் அதுக்குக் கேட்டுரும். வரும். ஒக்காருங்க. நீங்க ஆபீஸ்லருந்து வாறீங்களா?"

"இல்லை. கொழும்பில அவர் வேலை செய்த கடையில நான் சாப்பிடுறனான்."

அதைக் கேட்டதும் அவர் முகம் மலர்ந்தது. அண்ணனைத் தேடி இதுவரை பொலிஸைத் தவிர யாரும் வந்ததில்லை என்றார். வெறுந்தேநீரும் ரொட்டியும் சம்பலும் வந்தன. சாப்பிட எனக்கு உரிமை இல்லை என்று நினைத்தேன். பசித்தது. சாப்பிட்டேன்.

ஒரு மணித்தியாலம் கழித்துத் தங்கவேலு வந்தார். உள்ளே வராமல், சுவரில் முதுகைச் சாய்த்துக்கொண்டு வாசலில் நின்றார். முப்பது வயதுக்காரரின் தலையில் பாதி நரை. என்னைக் கொஞ்ச நேரம் பார்த்தார்.

"மூல மேச" என்றார். "ரெண்டு தோச, ஒரு வட. வடய கடைசிலதான் சாப்புடுவீங்க. சரிதானுங்களா?"

கண்ணாடி முன் பழகிய வசனம் ஒன்றும் வரவில்லை. எப்படியோ சொல்லிவிட்டேன். லொட்ஜைச் சுற்றி வளைத்தது, நான்கு நாள், உரப்பை, வான், மைதானம். "உங்களைக் கண்டவுடன என்ர தலை ஆடினது. நான்தான் அது. ஏன் ஆட்டினனான் எண்டு எனக்கே தெரியேல்லை. அதைச் சொல்லத்தான் வந்தனான்."

அடிப்பார் என்று எதிர்பார்த்தேன். அழுவார் என்றும் எதிர்பார்த்தேன். தங்கவேலு பொறுமையாகக் கேட்டுவிட்டு, "இல்லீங்க சார். அது நீங்க இல்ல" என்றார்.

"நான்தான், தங்கவேலு."

"இல்லீங்க. எனக்குத் தெரியும் யாருன்னு. அது மாரிமுத்து."

மாரிமுத்து அதே கடையில் மாவரைத்தவர், இதே தோட்டத்துக்காரர், தங்கவேலுவின் பள்ளிக்கூடத்துச் சிநேகிதர். அன்றைக்கு அவரையும் பிடித்தார்கள். இரண்டு வாரத்தில் விட்டுவிட்டார்கள்.

"வான் கதவு பாதி தொறந்திருந்துச்சு. என்னைய குனிய வச்சிருந்தாங்க. மொகத்தப் பாக்க முடியாது. காலப் பாத்தேன். செருப்பு இல்ல. வலது கால் பெருவெரல் நெகம் கறுத்திருந்துச்சு. மாரிமுத்து கால்ல அதுக்கு முந்துன வாரந்தான் கேஸ் சிலிண்டரு விழுந்துச்சு. மூணு வருசம் அந்த நெகத்தையேதாங்க நெனச்சுக்கிட்டு இருந்தேன்."

என்னிடமும் அன்று செருப்பு இல்லை. பிடித்த அன்றே கழற்றிவிட்டார்கள். என் கால்களைச் சப்பாத்தால் மிதித்திருந்தார்கள். நகம் கறுத்திருந்ததா? எவ்வளவு யோசித்தும் என் கால்களே எனக்கு ஞாபகம் வரவில்லை. அங்கே இருந்த எல்லோருடைய நகமும் கறுத்துத்தான் இருந்திருக்கும் என்று சொன்னேன்.

தங்கவேலுவுக்குக் கோபம் வந்தது. நான் காட்டிக்கொடுத்தேன் என்று சொன்னபோது வராத கோபம் இப்போது வந்தது.

"நீங்க எதுக்குங்க என்னைய காட்டணும்? ஒங்களுக்கும் எனக்கும் என்ன? ஒரு நாளு சோத்துல கல்லு இருந்துச்சுன்னுகூட நீங்க கோவிச்சதில்ல. ஒங்களுக்கு மனசு சரியில்ல சார். ஜெயிலுக்குள்ள இது மாதிரி நெறையப் பேரு இருந்தாங்க. தான் செய்யாததெல்லாம் செஞ்சேன்னு சொல்லுவாங்க. கொழும்புல நல்ல டாக்டராப் பாத்துக் காட்டுங்க."

சொல்லிவிட்டு மண்வெட்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்குப் பின்னால் இருந்த மரக்கறிப் பாத்திக்குப் போய்விட்டார். நான் எழுந்து என்ன செய்வதென்று தெரியாமல் நின்றேன். ஆறு வருடம் சுமந்த ஒன்றை, இது உன்னுடையது இல்லை என்று அவர் இறக்கி வைத்துவிட்டார். எனக்கு ஆறுதலாக இருந்திருக்க வேண்டும். பறித்துக்கொண்டதுபோல இருந்தது.

பார்வதி கோயிலடிவரை கூட வந்தார். பாதிப் படி இறங்கியதும் கேட்டார்:

"நீங்க சொன்னது நெசந்தானுங்களா?"

"நிசம் எண்டுதான் நினைச்சு வந்தனான்."

"எனக்கும் மாரிமுத்துக்கும் கலியாணம் பேசியிருந்துச்சுங்க. தை மாசம் நாள் குறிச்சிருந்தாங்க. அண்ணன் உள்ளருந்து காயிதம் போட்டுச்சு, அவன்தான் காட்டிக் குடுத்தான்னு. அவரு ஊருக்கு வந்து எங்க வாசல்ல நின்னாரு. நீங்களான்னு கேட்டேன். ஆமான்னும் சொல்லல, இல்லேன்னும் சொல்லல. சும்மா நின்னாரு. இல்லேன்னு ஒரு வார்த்த சொல்லியிருந்தா, அண்ணன் செத்தாலும் பரவாயில்லன்னு கூடப் போயிருப்பேன். கதவச் சாத்திட்டேன்."

தேயிலைக்குள் யாரோ யாரையோ கூப்பிடும் குரல் கேட்டது.

"நீங்க ஏன் அப்பவே வரல?" என்றார் பார்வதி. குரலை உயர்த்தவில்லை. "அண்ணன் நம்பாது. நான் நம்புறேன். நம்பி என்ன பண்ண? அவருக்குக் கலியாணமாகி ரெண்டு புள்ளைங்க."

பயமாக இருந்தது என்று சொல்லலாம். அப்போது தோட்டங்களுக்கு ஒரு யாழ்ப்பாணத்தான் வந்திறங்கினால் அவனையும் பிடிப்பார்கள், அவன் போன வீட்டையும் பிடிப்பார்கள் என்று சொல்லலாம். இரண்டும் உண்மை. ஆனால் ஒரு கடிதம் எழுதியிருக்கலாம். மாரிமுத்து எங்கே இருக்கிறார் என்று கேட்டேன். பசறைச் சந்தைக்குப் பின்னால் மரக்கறிக் கடை என்று சொல்லிவிட்டுத் திரும்பி ஏறிப் போனார்.

பிற்பகல் இரண்டு மணிக்கு அந்தக் கடையைக் கண்டுபிடித்தேன். வெலிமடையிலிருந்து வந்த உருளைக்கிழங்கும் லீக்ஸும் சாக்குச் சாக்காகக் கிடந்தன. மனைவி பிள்ளையை மடியில் வைத்துக்கொண்டு உள்ளே இருந்தார். மாரிமுத்து மெலிந்த, வெட்கப்பட்ட முகமுள்ள மனிதர். கடைக்குப் பக்கத்தில் கூட்டிப் போய், தங்கவேலுவிடம் சொன்னதை அப்படியே சொன்னேன். 'உங்கள்மேல் பழி இல்லை' என்ற ஒரு வார்த்தையையாவது ஒருவரிடம் கொடுத்துவிட்டுப் போகலாம் என்று நினைத்தேன்.

அவர் கைகளைத் துணியில் துடைத்தார். துடைத்து முடிந்த பிறகும் துடைத்துக்கொண்டே இருந்தார்.

"எனக்கும் சாக்குப் போட்டாங்க சார்" என்றார்.

"எப்ப?"

"அன்னைக்கா மறுநாளான்னு தெரியல. மைதானமா, ரோட்டோரமா, அதுவும் தெரியல. ராவும் பகலும் தெரியாமத்தான வச்சிருந்தாங்க. ரெண்டு மூணு தடவ தலைய ஆட்டுனேன். ஆட்டுனாத்தான் தண்ணி குடுத்தாங்க. யாருக்கு ஆட்டுனேன்னு தெரியாது. நான் கண்ண மூடிக்கிட்டேன். பாத்தாத்தான பாவம்னு கண்ண மூடிக்கிட்டு ஆட்டுனேன். அது தங்கவேலா இருந்தாலும் இருக்கும். பார்வதி கேட்டப்ப, இல்லேன்னு எப்படிங்க சொல்லுவேன்? தெரியாம எப்படிச் சொல்லுவேன்?"

"நான் கண்டனான். அவர்ர முகத்தை நான் கண்டனான்" என்றேன். சொல்லும்போதே எனக்குச் சந்தேகம் வந்துவிட்டது. ஓட்டை வழியாகக் கண்டது தங்கவேலுவையா, தங்கவேலுவைப் போன்ற ஒருவரையா? முகத்தைக் கண்டேன் என்கிறேன். குனிய வைத்திருந்தார்கள் என்கிறார் அவர். பிறகு கடையில் அவர் இல்லை என்று கேள்விப்பட்டு, அந்த முகத்துக்கு நானே அவருடைய பெயரை வைத்துக்கொண்டேனா? அப்படியென்றால் நான் தலையசைத்த அந்த வேறொருவர் யார்? அவர் எங்கே?

மனைவி உள்ளே இருந்து கூப்பிட்டார். மாரிமுத்து போகத் திரும்பி, நின்று, மிகவும் தாழ்ந்த குரலில் கேட்டார்:

"பார்வதி எப்படிங்க இருக்கு?"

பார்வதியின் கையால் சாப்பிட்டிருந்தேன். ஒன்றரை மணித்தியாலம் அவர் வாசலில் இருந்திருந்தேன். என் குற்றத்தைத் தவிர வேறொன்றையும் நான் அங்கே பார்க்கவில்லை. "சுகமா இருக்கிறா" என்றேன்.

திங்கள் காலை பதுளையிலிருந்து ரயில் ஏறினேன். தெமோதரையில் பாதை மலையைச் சுற்றி வளைந்து தன்னைத்தானே கடந்துபோகிறது. வெள்ளைக்காரப் பயணிகள் எழுந்து படம் எடுத்தார்கள். நான் பண்டாரவளை தாண்டும்வரை வெளியே பார்க்கவில்லை.

எங்கள் ஊரை நினைத்துக்கொண்டிருந்தேன். மூன்று வருடத்துக்கு முன் எங்கள் வீட்டுக் கூரையில் ஷெல் விழுந்தது. அது ஆமி அடித்ததா, இயக்கம் அடித்ததா என்று அம்மாவும் அயலட்டையும் இன்றைக்கும் வாதாடுவார்கள். வடக்கிலிருந்து வந்த சத்தம் என்பார் ஒருவர். இல்லை, கிழக்கு என்பார் இன்னொருவர். சண்டை நின்று யாழ்ப்பாணப் பாதை திறந்த பிறகு ஊருக்குப் போனபோது அந்த வாதத்தைக் கேட்டு எனக்கு எரிச்சல் வந்தது. கூரை போய்விட்டதே, எவன் அடித்தால் என்ன என்று அம்மாவிடம் சத்தம் போட்டேன். அம்மா சொன்னார்: "தெரிஞ்சால் ஒரு ஆளை மட்டும் வெறுக்கலாம், தம்பி." அன்றைக்கு விளங்கவில்லை. பதுளைக்குப் போய் வந்த பிறகும் முழுதாக விளங்கிவிட்டது என்று சொல்ல மாட்டேன்.

ஹட்டன் தாண்டும்போது பையிலிருந்து தாள் எடுத்துப் பார்வதிக்குக் கடிதம் எழுதத் தொடங்கினேன். மாரிமுத்து சொன்னதை, ஒரு சொல்லும் கூட்டாமல் குறைக்காமல், எழுதினேன். அவர் ஏன் இல்லையென்று சொல்லவில்லை என்பது இப்போது எனக்குத் தெரியும், அது பார்வதிக்கும் தெரிய வேண்டும் என்று நினைத்தேன். மாரிமுத்து கடைசியாகக் கேட்டதை எழுதுவதா விடுவதா என்று பேராதனை வரை யோசித்தேன். விட்டுவிட்டேன். அது சரியா பிழையா என்று தெரியாது. கோட்டையில் இறங்கியதும் தபாற்பெட்டியில் போட்டேன்.

ஒரு மாதத்துக்குப் பிறகு பதில் வந்தது. அப்பியாசக் கொப்பியில் கிழித்த தாள், நேர்த்தியான எழுத்து.

'உங்கள் கடிதம் கிடைத்தது. அண்ணனுக்கு வாசித்துக் காட்டினேன். இரண்டு நாள் பேசவில்லை. பிறகு வந்த ஞாயிறு பசறைக்கு நடந்தே போய், மாரிமுத்து கடையில் உருளைக்கிழங்கு ஒரு கிலோ வாங்கி வந்தது. இரண்டு பேரும் ஒன்றும் பேசவில்லையாம். போன ஞாயிறும் அண்ணன் போய் வாங்கி வந்தது. எங்களுக்குத் தேவைக்கு மேல் கிழங்கு இருக்கிறது. நான் ஒன்றும் கேட்பதில்லை. நீங்கள் வந்தது நல்லது என்றுதான் நினைக்கிறேன். ஆனால் இனி எங்களுக்கு எழுத வேண்டாம்.'

நான் எழுதவில்லை.